திணை, துறை, வாஷர்: வாடகை வீட்டுக் குளியலறைப் புதுப்பித்தல் குறித்து ஓர் ஆய்வு

தொல்காப்பியர் நிலங்களை வகுத்தபோது குளியலறையைக் கணக்கில் எடுக்கவில்லை. அவர் காலத்தில் ஆறு இருந்தது. ஹவுஸ் ஓனர் இருந்ததாகத் தெரியவில்லை. இரண்டும் தலைகீழாகிவிட்ட இக்காலத்தில் அந்த இடைவெளியை நிரப்பும் எளிய முயற்சியே இக்கட்டுரை.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட நிலம்: சென்னைப் புறநகரில், போர்வெல் தண்ணீரை நம்பி வாழும் இரண்டாம் மாடி வாடகை வீட்டின் குளியலறை. ஐந்தடிக்கு நாலடி. தனிக் குளியலறைக்கு 1.8 சதுர மீட்டர் இருந்தாக வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. கட்டியவர் விதியை மீறவில்லை. ஓரடிச் சதுர டைல்ஸ் ஒன்றின் அளவுக்குக்கூட அதைத் தாண்டவுமில்லை. பெரும்பொழுது ஆண்டு முழுதும். சிறுபொழுது காலை ஆறரை முதல் எட்டு. கருப்பொருள்களில் தெய்வம் மோட்டார். பறை, காலி வாளியில் குழாய் விழும் ஓசை. புள் இல்லை, பல்லி உண்டு. பூ டைல்ஸில் அச்சிட்டது, ஆகவே வாடாது. உரிப்பொருள், கதவு தட்டலும் தட்டல் நிமித்தமும்.

ஆய்வுநிதி ஏதும் இல்லை. இதை வறுமை என்பவர் வாடகைப் பொருளாதாரம் பயிலாதவர். குடியிருப்பவர் தன் காசில் டைல்ஸ் மாற்றினால் அதற்கு இரண்டு முறை பணம் கட்டுகிறார்: கொத்தனாருக்கு ஒரு தடவை, பளபளப்பைப் பார்த்து ஏறிய வாடகையாக மாதாமாதம். காலி செய்கிறபோது டைல்ஸைப் பெயர்த்து லாரியில் ஏற்றவும் முடியாது. எனவே காசு செலவழிக்காமல் புதுப்பிப்பதே இத்திணைக்குரிய அறம்.

இங்கே சட்டம் துணைக்கு வருகிறது. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2017-இல் தமிழ்நாட்டில் புதுச் சட்டம் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. பராமரிப்பு வேலைகளை அது அட்டவணை போட்டுப் பிரித்திருக்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பது உரிமையாளர் பாடு. குழாய் வாஷர் மாற்றுவது வாடகைதாரர் பாடு. ஒரு சட்டமன்றம் வாஷரைப் பற்றிச் சிந்தித்திருக்கிறது என்பதைவிட இத்துறை ஆய்வாளனுக்கு வேறென்ன ஊக்கம் வேண்டும்? வெள்ளையடிப்பு யார் தலையில் என்று அச்சில் இருந்தும், காலி செய்கையில் ‘பெயின்ட்டுக்கு ஒரு மாச வாடகை’ என்று அட்வான்ஸில் கழிக்கும் வழக்கம் தொடர்வதை எழுதாக்கிளவி எனக் கொள்க.

வாஷர் ஒரு டீ விலையைத் தாண்டாது. வால்வை மூடி, குழாயின் தலையைக் கழற்றி, தேய்ந்த ரப்பரை எடுத்துவிட்டுப் புதியதை வைக்க வேண்டும், அவ்வளவுதான். கால் திருப்பில் நிற்கிற புதுமாதிரிக் குழாய்க்கு இது பொருந்தாது. அதற்குள் ரப்பருக்குப் பதில் பீங்கான் தட்டு இருக்கும். வினாடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளொன்றுக்கு 86,400 சொட்டு. இராத்திரி அடியில் ஒரு வாளியை வைத்துவிட்டால், மிச்சக் கணக்கை அதுவே காலையில் சொல்லும்.

அடுத்தது அகழாய்வு. களம், ஜன்னல் திட்டு. மேலடுக்கில் நடப்புக் காலத்துச் சோப்பு. அதன் கீழே, தீர்ந்துபோய், தண்ணீர் ஊற்றிக் குலுக்கப்பட்டு, மறுபடி தீர்ந்து, ‘இன்னும் ஒரு தடவைக்கு வரும்’ என்று தலைகீழாக நிற்கும் ஷாம்பு பாட்டில்கள். அதற்கும் கீழே சாஷேக் காலம்: கடலூர்க்காரர்கள் நாடெங்கும் பரப்பிய அந்தப் பண்பாட்டின் எச்சங்கள் ஈரத்தோடு டைல்ஸில் ஒட்டிக்கிடந்தன. கன்னி மண்ணை நெருங்கும் இடத்தில் ஒரு சீயக்காய் டப்பா, அதில் ஹேர்பின்கள். சுவரெங்கும் ஸ்டிக்கர் பொட்டுகள். அளவையும் நிறத்தையும் வைத்துப் பார்த்தால் இரண்டு குடித்தனங்களுக்கு உரியவை. தேங்காயெண்ணெயைத் தடவிச் சற்றுப் பொறுத்தால் பசையோடு உரிந்து வரும். நாடா கோக்க ஒன்று போதும் என்று வைத்துக்கொண்டு மற்ற பழைய பிரஷ்களை எண்ணியபோது, வீட்டில் உள்ள பற்களுக்கும் அவற்றுக்கும் விகிதம் பொருந்தவில்லை. எல்லாவற்றையும் வாரி வெளியே வைத்ததும் குளியலறை பெரிதாகிவிட்டது. இந்த ஆய்வின் முதல் முடிபு இதுவே: அறை சிறியதல்ல, நாம் எதையும் எறிவதில்லை.

இனி உப்புக்கறை. ஆய்வாளர்கள் கடுமையாக முரண்படும் பகுதி இது. போர்வெல் நீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் டைல்ஸில் காய்ந்து வெள்ளைப் படலமாகின்றன. குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு நீருக்கு வழியில்லையென்றால் 600 வரை பொறுக்கலாம் என்கிறது ஐ.எஸ். 10500 என்ற இந்தியத் தர அளவுகோல். ஓனரின் அளவுகோல் இன்னும் சுருக்கமானது: “இந்த ஏரியாவுல தண்ணி அப்படித்தான் சார் வரும்.”

ஆசிட் கொள்கையர் சைக்கிளில் கூவி விற்பவரிடம் பாட்டில் வாங்கி ஊற்றுவர். புஸ்ஸென்று நுரைக்கும், கறை கரையும். கூடவே டைல்ஸ் இடுக்கிலுள்ள சிமென்ட்டும் கரையும், ஏனென்றால் ஆசிட்டுக்கு உப்புக் கால்சியம் வேறு, சிமென்ட் கால்சியம் வேறு என்ற பேதம் தெரியாது. குழாயின் முலாமும் போய்விடும். போதாதென்று பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துப் போடுவோர் உண்டு. அதில் கிளம்புவது குளோரின் வாயு. 1915-இல் ஈப்ர போர்க்களத்தில் ஜெர்மன் படை திறந்துவிட்டது அதையேதான். ஐந்தடி அறையில் அதைச் செய்யாதீர்கள். இந்த ஒரு வாக்கியத்தில் கேலி ஏதும் இல்லை.

புளிக் கொள்கையரின் தலைமைப் பேராசிரியர் என் மாமியார். இரசத்துக்குக் கரைத்த புளியின் சக்கை, பிழிந்த எலுமிச்சைத் தோல்: இரண்டும் குப்பைக்குப் போகிறவை, இரண்டிலும் அமிலம் மிச்சம் உண்டு. சக்கையைக் குழாய்மேல் அப்பி, ஈரத் துணியைச் சுற்றி, அரைமணி நேரம் கழித்துப் பழைய பிரஷால் தேய்த்தால் குழாயில் முகம் தெரியும். “குத்துவிளக்குக்கு ஆகிறது குழாய்க்கு ஆகாதா மாப்ள?” என்பது அவர் முன்வைக்கும் ஒரே தருக்கம், இதுவரை மறுக்கப்படவில்லை. மொசைக் தரைக்கும் மார்பிளுக்கும் மட்டும் புளியும் ஆகாது, அரித்துவிடும்.

மூன்றாவதாக வைப்பர் கொள்கை ஒன்று உண்டு. நீர் காயும் இடத்தில்தான் உப்புப் படியும். குளித்ததும் சுவரையும் தரையையும் வழித்துத் தள்ளிவிட்டால் கறையே வராது. அறிவியலில் பழுதில்லை, செலவும் இல்லை. ஆனாலும் இதற்கு மாணாக்கர் சேர்வதில்லை. வைப்பரைக் கையில் எடுக்கும் நேரத்தில் வெளியே உரிப்பொருள் தொடங்கிவிடுகிறது.

எதிர்வீட்டுக்கு அஞ்சி ஜன்னலில் செருகிய அட்டையைப் பிடுங்கி, பழைய சேலைத் துண்டு ஒன்றைக் கட்டினால் காற்று வரும், பூஞ்சை குறையும். இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

இவ்வளவும் செய்து முடித்தவர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஓனர் வீட்டுக்கு வரும் நாளில் குளியலறைக் கதவைச் சாத்தி வையுங்கள். கை கழுவவேண்டும் என்றால் கிச்சன் சிங்க்கைக் காட்டுங்கள்.