பென்ஸ் சார்

பென்ஸ் சாரிடம் இருப்பது பென்ஸ் அல்ல. அதே நாட்டுக்காரக் கம்பெனி வேறொன்றின் கார். ஆனால் மடிப்பாக்கத்தில் எங்கள் அடுக்கக வாட்ச்மேனுக்கும் தெருமுனை இஸ்திரிக்காரருக்கும், நீளமாகக் கறுப்பாக மூக்கில் முத்திரையோடு நிற்கிற எதுவும் பென்ஸ்தான். முதல் மாதம் திருத்திப் பார்த்தார். அப்புறம் விட்டுவிட்டார். இப்போது கூரியர் பையன் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வாட்ச்மேன் உதட்டைப் பிதுக்குகிறார்.

பணக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். மாதச் சம்பளம், வீட்டுக் கடன் பாதி பாக்கி. 1995-ல் புனேயில் பூட்டிய முதல் பென்ஸ்கள் ரோட்டுக்கு வந்த காலத்தில், ஊர் ஜவுளிக்கடை முதலாளியின் காரைச் சுற்றி நின்று கண்ணாடியில் மூக்கை வைத்து உள்ளே பார்த்துத் திட்டு வாங்கிய பையன்களில் இவரும் ஒருவர். அந்தத் திட்டு உள்ளேயே கிடந்து, நாற்பத்திரண்டு வயதில் வேலையைக் காட்டியது.

வண்டி 2012 மாடல் டீசல். புதிதில் நாற்பது லட்சம் தாண்டியது, இவர் கைக்கு ஆறரை லட்சத்துக்கு வந்தது. காரணம் டெல்லி. பத்து வருஷமான டீசல் வண்டி தலைநகரில் ஓடக் கூடாது என்று 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் சொல்லி, 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்த பிறகு, அங்கே வயது முடிந்த சீமான் கார்களெல்லாம் என்.ஓ.சி. வாங்கிக்கொண்டு தெற்கே இறங்கத் தொடங்கின. "டாக்டர் வெச்சிருந்த வண்டி சார், வீட்டுக்கும் கிளினிக்குக்கும்தான்" என்றார் புரோக்கர். இந்த நாட்டில் விற்பனைக்கு வரும் பழைய கார்களையெல்லாம் டாக்டர்கள்தான் ஓட்டியிருக்கிறார்கள் என்றால், அவர்கள் நோயாளிகளைப் பார்த்தது எப்போது என்று யாருமே கேட்பதில்லை. இவரும் கேட்கவில்லை. ஸ்டியரிங் தோலும் பிரேக் பெடல் ரப்பரும் மழமழவென்று தேய்ந்திருந்ததையும் கவனிக்கவில்லை. பிற்பாடு ஸ்கேன் போட்டபோது, டேஷ்போர்டு 78,000 கிலோமீட்டர் என்றது, கியர்பாக்ஸின் கம்ப்யூட்டர் 1,64,000 என்றது. பென்ஸ் சார் இன்றுவரை டேஷ்போர்டு கட்சி.

வாங்கும்போது அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. புது ஸ்விஃப்ட் எடுத்தால் ஒன்பது லட்சம், இது ஆறரை, மிச்சம் இரண்டரையை ரிப்பேருக்கென்று எடுத்து வைத்தால் ஆயுசுக்கும் போதும். இதற்காகத் தனி நோட்டே போட்டார். ஐந்தாம் மாதத்தில் இரண்டரையும் தீர்ந்தது, நோட்டும் நின்றது. அவர் விட்ட இடத்திலிருந்து வீட்டம்மா பால் கணக்கு எழுதுகிறார்.

புரோக்கர்கள் சொல்லாமல் விடுவது ஒன்றுதான்: விலை இறங்குவது வண்டிக்கு மட்டும், அதன் உறுப்புகளுக்கு இல்லை. ஆறரை லட்சத்துக்கு வாங்கினாலும் சக்கரத்தைப் பிடித்திருக்கும் அதன் லோயர் ஆர்ம் நாற்பது லட்சத்து வண்டியின் லோயர் ஆர்ம்தான். அதற்கு இவருடைய சம்பளம் தெரியாது.

பென்ஸ் சாரின் பாதி ஜீவிதம் பள்ளிக்கரணையில் ஒரு தகரக் கொட்டகையில் கழிகிறது. அதை நடத்துகிற பாய், கம்பெனி சர்வீஸ் சென்டரில் பத்து வருஷம் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்தவர். கையில் ஸ்பானர் இருக்கும் நேரத்தைவிட மடியில் லேப்டாப் இருக்கும் நேரம் அதிகம். ஒரு சனிக்கிழமை பென்ஸ் சாரோடு நானும் போயிருந்தேன். பானட் திறந்து கிடந்தது. பாய் உள்ளே கைவிட்டு, கட்டைவிரல் நீளத்தில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் முழங்கைக் குழாயை எடுத்து வந்தார். கூலன்ட் போகிற குழாய். இரண்டு விரலால் லேசாக அழுத்தினார். டீக்கடைப் பொரை மாதிரி உதிர்ந்தது.

"இதுதான் சார், ஒழுகினது."

"எவ்ளோ பாய்?"

"ஆயிரத்து நூறு."

பென்ஸ் சார் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. எனக்கும் சந்தோஷம்தான். பாய் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே மெதுவாகத் தொடர்ந்தார். அந்தக் குழாய் இருக்கும் இடத்துக்குப் போக இன்லெட் மேனிஃபோல்டைக் கழட்ட வேண்டியிருந்தது. கழட்டினால் அதன் கேஸ்கெட்டைத் திரும்பப் போட முடியாது, புதுசு வேண்டும். பக்கத்திலேயே தெர்மோஸ்டாட். "கழட்டினது கழட்டியாச்சு, அதையும் மாத்திடலாம் சார்." அதற்குப் பக்கத்தில் வாட்டர் பம்ப். "கழட்டினது கழட்டியாச்சு..." க்ளோ பிளக் நாலு. ஆயிரத்து நூறு என்று பிறந்த பில், நாங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் 38,000-க்கு வளர்ந்து நின்றது.

பாயைத் தப்பாக நினைக்கக் கூடாது. அவர் சொல்வது நியாயம். எடையைக் குறைக்க இந்தக் கார்களில் இரும்பு, அலுமினியம் இருந்த இடமெல்லாம் பிளாஸ்டிக் வைத்தார்கள். தினமும் தொண்ணூறு, நூறு டிகிரியில் வெந்து, ராத்திரி ஆறி, மறுநாள் வேளச்சேரி சிக்னலில் திரும்ப வெந்தால் எந்த பிளாஸ்டிக்கும் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் மொறமொறத்துப் போகும். எல்லாம் ஒரே நாளில் பிறந்தவை, சாவதும் அடுத்தடுத்துத்தான். இன்றைக்கு ஒன்றை மட்டும் மாற்றினால் அடுத்த மாதம் அதே மேனிஃபோல்டை மறுபடி கழட்ட வேண்டும், அதே கூலி.

பேட்டரி கதை இதைவிட அழகு. அம்பாசடரில் பேட்டரி மாற்றுவது ரெண்டு நட்டு வேலை. இந்த வண்டியில் மாற்றினால் மட்டும் போதாது, மாற்றிய விவரத்தை லேப்டாப் மூலம் வண்டிக்குத் தெரிவிக்கவும் வேண்டும். தெரிவிக்காவிட்டால், கிழட்டு பேட்டரிக்கு ஏற்றபடி சார்ஜ் செய்தே அது புதியதையும் கிழடாக்கிவிடும். கேஸ் கனெக்‌ஷன் மாற்ற ஆதார் கேட்டார்கள் என்று ஏஜென்சியில் சண்டை போட்ட மனிதர், இதை மட்டும் "அதாங்க இன்ஜினியரிங்" என்று கண்ணை மூடி ரசித்தார்.

ஸ்பேர் தேடுவது தனிக் கலை. முதலில் புதுப்பேட்டை. வெட்டிக் கூறுபோட்ட கார்களின் கதவும் கண்ணாடியும் அடுக்கி வைத்த சந்துகளில், இவர் சேஸிஸ் நம்பரின் கடைசி ஏழு இலக்கத்தை முணுமுணுத்தபடி போவார். வீட்டம்மாவின் போன் நம்பர் கேட்டால் மொபைலைப் பார்த்துத்தான் சொல்வார். அங்கே கிடைக்காவிட்டால் ஜி.பி. ரோடு. அங்கும் இல்லையென்றால் ஜெர்மனியில் இருந்து வர வேண்டும். இந்த இடத்தில் பாய்க்கு ஒரு நிரந்தர வருத்தம் உண்டு. இந்த வண்டியைச் செய்த பி.எம்.டபிள்யூ. 2007 முதல் நம் செங்கல்பட்டுப் பக்கம் மகிந்திரா வேர்ல்ட் சிட்டியிலேயே கார் பூட்டுகிறது. "சிங்கப்பெருமாள் கோயில் தாண்டினா ஃபேக்டரி. பைப் மட்டும் கடல் தாண்டி வருது பாருங்க சார்."

கடல் தாண்டிக் கொண்டுவர பென்ஸ் சாருக்கு ஓர் ஆள் கிடைத்தான். ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கும் அக்கா மகன் லீவில் வருவதாகச் சொன்னதும், சாக்லேட் வேண்டாம், சென்ட் வேண்டாம், ஒரு ஜோடி லோயர் ஆர்ம் போதும் என்று சொல்லிவிட்டார். பையன் விமான நிலையத்தில் இருந்து வந்து பெட்டியை இறக்கும்போது முகம் சரியில்லை.

"மாமா, ஸ்கேன்ல பார்த்துட்டு நிறுத்தி வெச்சுட்டாங்க. இது என்னன்னு கேட்டாங்க. எனக்கே தெரியல மாமா!"

மாமா அதற்குள் ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். காப்பி கொடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மழைக்காலத்தில் அவரைப் பார்த்தால் பாவமாக இருக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊர் இது. காற்றிழுக்கும் வழியாக இன்ஜினுக்குள் தண்ணீர் போய், அது தெரியாமல் ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அந்தச் செலவுக்கான இன்சூரன்ஸ் சேர்க்கை இந்த வயது வண்டிக்குப் பொதுவாகக் கிடைப்பதில்லை. ஆகவே வானிலை மையம் ரெட் அலர்ட் என்று வாயைத் திறப்பதற்குள் வேளச்சேரி மேம்பாலத்தில் இடம் பிடித்துவிடுவார். 2024 அக்டோபரில் பாதி வேளச்சேரியும் கார்களை மேலே ஏற்றியதே, அந்த வரிசையில் முதல் கார் இவருடையது. மற்றவர்கள் ஓட்டிக்கொண்டு வந்தார்கள். இவருடையது இழுவை வண்டியில் வந்தது.

வீட்டில் ஒரு வேகன் ஆர் உண்டு என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். சொல்கிற மாதிரி அது எதுவும் செய்வதில்லை. பள்ளிக்கூடம், காய்கறி, ஆஸ்பத்திரி, ராத்திரி ரயிலுக்குப் போய் ஆளைக் கூட்டி வருவது, பென்ஸ் சாரை ஷெட்டில் இருந்து வீட்டுக்குக் கொண்டுவருவது, எல்லாம் அதுதான். பெரிய வண்டியை வீட்டம்மா பெயர் சொல்லிக் குறிப்பிடுவதே இல்லை. "அது இருக்கா, ஷெட்டுக்குப் போயிருக்கா?"

இருக்கிற நாளில் பார்க்க வேண்டும். யார் வந்தாலும் கீழே கூட்டிப்போய்க் கதவைத் திறந்து மூடச் சொல்வார். 'தொப்' என்று ஒரு கனத்த சத்தம். "கேட்டீங்களா? இன்னொரு தடவை மூடுங்க." உண்மையைச் சொன்னால் நல்ல சத்தம்தான், நானே நாலைந்து தடவை மூடியிருக்கிறேன். கல்யாண மண்டபத்தில் செக்யூரிட்டி ஓடிவந்து வாசலிலேயே இடம் கொடுப்பார். பூக்காரம்மா முழத்துக்குப் பத்து ரூபாய் ஏற்றிச் சொல்வார். கைமாற்று கேட்டு இவர் யார் யாரிடம் போகலாம் என்று யோசிக்கிறாரோ, அந்த உறவினர்கள் எல்லாம் முந்திக்கொண்டு இவரிடமே கேட்டுவிடுகிறார்கள்.

போன தை மாதம் வண்டி அருப்புக்கோட்டைப் பக்கம் குலதெய்வக் கோயில் வரை ஒரு எச்சரிக்கை விளக்கும் எரியாமல் போய்வந்தது. அதுதான் ஆபத்தாக முடிந்தது. கும்பாபிஷேக நன்கொடைப் பட்டியலில் முதல் வரியில் இவர் பெயரை எழுதி, நேரே ஒரு லட்சத்து ஒன்று என்று போட்டுவிட்டுத்தான் பெரியப்பா நோட்டை நீட்டினார். பாய்க்கு 38,000-த்தில் இன்னும் இரண்டு தவணை பாக்கி. இவர் தலையைச் சொறிந்தார்.

"என்னப்பா, பென்ஸ்ல வந்து எறங்குற ஆளு, இதுக்குப் போயி யோசிக்கலாமா?"

"பெரியப்பா, அது பென்ஸ் இல்ல..." என்று ஆரம்பித்தவர், அதற்கு மேல் சொன்னால் மானம் போகுமோ கௌரவம் ஏறுமோ என்று தெரியாமல் கையெழுத்துப் போட்டார்.

அதை அடைத்து முடிப்பதற்குள் பாயிடம் இருந்து போன். அதே மாடல், அதே கறுப்பு, இன்ஜின் சீஸ் ஆகிப் பூந்தமல்லியில் கிடக்கிறது. ஒன்றே முக்கால் கேட்கிறார்கள். "ஸ்பேருக்கு எடுத்துப் போட்டுடலாம் சார், லோயர் ஆர்முக்கு இனிமே தம்பியைத் தொந்தரவு பண்ண வேணாம்." வீட்டம்மாவின் நகைச்சீட்டு முதிர்ந்த வாரம் அது. ராத்திரி பதினொரு மணிக்கு இழுத்துவந்து, விருந்தினர் பார்க்கிங்கில் கவர் போட்டு நிறுத்தினார்கள். கவருக்குக் கீழே மூக்கும் முத்திரையும் மட்டும் தெரிந்தது. இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்காக ஊரில் இருந்து வந்து தங்கியிருந்த பங்காளி வீட்டுப் பையன் காலையில் பல் தேய்த்துக்கொண்டே பால்கனியில் இருந்து எட்டிப் பார்த்தான்.

பத்து மணிக்குப் பெரியப்பா கூப்பிட்டார்.

"ரெண்டாவது பென்ஸும் வந்துருச்சாமேப்பா? ராஜகோபுரம் உன் உபயம்னு நோட்டீஸ்ல போட்டுரலாமா?"