பெல்ட் போட்ட பெருமை

ஹார்லி டேவிட்சன் 1980-இல் ஸ்டர்ஜிஸ் மாடலில் செயினைத் தூக்கிப் போட்டுவிட்டு பெல்ட்டை மாட்டியது. எண்ணெய் விட வேண்டாம், சத்தம் கிடையாது, பேன்ட்டில் கறை படியாது. பார்த்தால் ரப்பர், உள்ளே குண்டு துளைக்காத சட்டைக்குப் போடும் கெவ்லர் வகை இழை. பல்லாயிரம் கிலோமீட்டர் அசையாது என்பார்கள். வாஸ்தவம்தான், ஒரு பொடி ஜல்லி உள்ளே புகும் வரை.

செயின் அறுந்தால் லாக்கைக் கழற்றிப் புதுசை மாட்டிவிட்டு டீ குடிக்கப் போகலாம். பெல்ட்டோ மூட்டே இல்லாத முழு வளையம். அதை நுழைக்க பிரைமரி கவரைக் கழற்று, கிளட்ச்சைக் கழற்று, பல மாடல்களில் ஸ்விங் ஆர்மையும் இறக்கு. சாமிக்கு மாலை மாற்றக் கோபுரத்தைப் பிரிக்கிற கதை. போதாக்குறைக்கு முன் புல்லி நட்டு எதிர்மரை. விவரம் தெரியாதவர் கழற்றுவதாக நினைத்து முழு பலத்தோடு இறுக்கிக்கொண்டிருப்பார். மெக்கானிக் பில்லில் பெல்ட்டின் விலை ஓரமாக ஒடுங்கி நிற்கும்.

வெறுத்துப்போய் செயினுக்கே மாறுகிறவர்களும் உண்டு. முன்னே ஒரு ஸ்ப்ராக்கெட், பின்னே ஒன்று, இரண்டும் நேர்கோட்டில் நிற்க ஸ்பேசர். காசைக் கொட்டி, 1979-இல் சும்மா கிடைத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள். கூடவே லூப் ஸ்ப்ரேயும் பேன்ட் கறையும்.

2023-இல் ஹீரோ இங்கே தயாரித்த ஹார்லி எக்ஸ்440 ஷோரூமுக்கு வரும்போதே செயினோடுதான் வந்தது. பெல்ட் பெருமை பேசுகிறவர்களிடம் அந்தப் பேச்சை எடுத்தால் வானிலை பற்றிக் கேட்கிறார்கள்.