வேகப்படகுத் திணை: மிச்சமான ஒரு மணி நேரம் குறித்து ஓர் ஆய்வு

தாய்லாந்தின் புக்கெட்டிலிருந்து பீ பீ தீவுகளுக்குப் பெரிய பயணக் கப்பலில் போனால் ஏறக்குறைய 2 மணி நேரம் ஆகும். வேகப்படகில் ஒரு மணி நேரம் போதும். கடல் நல்ல குணத்தில் இருந்தால் அதற்கும் குறைவு. ஆகவே வேகப்படகில் ஏறும் ஒவ்வொருவருக்கும் போகும்போது ஒரு மணி, திரும்பும்போது ஒரு மணி மிச்சமாக வேண்டும். படகுக்கு 40 பேர் என்று வைத்துக்கொண்டால் நாளொன்றுக்கு 80 மணி நேரம். மாலையில் கரையிறங்குகிறவர்களின் பைகளைச் சோதித்துப் பாருங்கள். ஈரத் துண்டு இருக்கும், மணல் இருக்கும், பாதி தீர்ந்த தண்ணீர் பாட்டில் இருக்கும். அந்த 2 மணி நேரம் மட்டும் இருக்காது.

அது எங்கே போயிற்று என்பதே இக்கட்டுரையின் வினா. பொருளியலார் இதைத் தொடவில்லை. அவர்களுக்குப் பயணிகளின் வருகைக் கணக்கு போதும். கடலியலார் பவளப்பாறையைப் பார்த்துக் குனிந்தவர்கள் இன்னும் நிமிரவில்லை. எனவே கையிலிருக்கும் ஒரே கருவியான தமிழ்ப் பொருளிலக்கணத்தைக் கொண்டு இதை ஆராய்வோம். முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் மூன்றும் தெரிந்துவிட்டால் எந்த நிலத்தின் குட்டும் வெளிப்பட்டுவிடும்.

அந்தமான் கடலின் கீழைக்கரையில் தமிழிலக்கணத்துக்கு என்ன வேலை எனின், உண்டு என்க. பீ பீ தீவுகள் கிராபி மாகாணத்தைச் சேர்ந்தவை. அதே கிராபியின் குளோங் தோமில்தான் ‘பெரும்பதன் கல்’ என்று தமிழி எழுத்தில் பொறித்த பொற்கொல்லரின் உரைகல் கிடைத்தது; காலம் கி.பி. 3 அல்லது 4-ஆம் நூற்றாண்டு. புக்கெட்டுக்கு வடக்கே தக்குவாபாவில் கிடைத்த 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்ற குளத்தையும் மணிக்கிராமத்து வணிகரையும் சொல்கிறது. வணிகர் எதற்குக் குளத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்? காற்றை நம்பிக் கடல் கடந்தவர்கள் அவர்கள். ஒரு பருவக்காற்றில் வந்தவர், திரும்பிப் போக மறு பருவக்காற்று வரும்வரை மாதக்கணக்கில் கரையில் கிடக்க வேண்டும். கிடப்பவனுக்குத் தண்ணீர் வேண்டும். சும்மா ஊர் பார்க்க வந்தவன் குளத்தைக் காக்கும் பொறுப்பை ஏற்க மாட்டான். இந்தக் குளத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளட்டும், பின்னால் தேவைப்படும்.

முதற்பொருளாவது நிலமும் பொழுதும். நிலம் எளிது. பெர்மியன் காலத்துச் சுண்ணாம்புப் பாறை, 25 கோடி ஆண்டுக்கும் மேற்பட்ட வயது, கடலிலிருந்து செங்குத்தாக எழுந்து நிற்கிறது. பீ பீ டான் என்ற பெரிய தீவில் மக்கள் வாழ்கிறார்கள். பீ பீ லே என்ற சிறிய தீவில் யாரும் வாழ்வதில்லை. 1983 முதல் தேசியப் பூங்கா. பெரும்பொழுது நவம்பர் முதல் ஏப்ரல் வரை; பிறகு தென்மேற்குக் காற்று வந்துவிடும். சிறுபொழுதில்தான் சிக்கல். வைகறை, காலை, நண்பகல் என்று நம் முன்னோர் நாளை ஆறாகப் பிரித்தார்கள். இங்கே நாள் முழுவதும் ஒரே பொழுதுதான்; அதற்கு ‘இருபது நிமிடம்’ என்று பெயர். எந்தத் தீவில் இறங்கினாலும் கைடு விரல்களை விரித்துக் காட்டிச் சொல்வது அதுவே. 25 கோடி ஆண்டுப் பாறைக்கும் இருபது நிமிடம், கழிப்பறைக்கும் இருபது நிமிடம்.

கருப்பொருளில் முதலாவது தெய்வம். நெய்தலுக்கு வருணன் என்பது விதி. இங்கே ‘மே யா நாங்’. தாய்லாந்துப் படகுகளில் குடியிருக்கும் தேவதை அவள். படகின் முன்மூக்கில் பல வண்ணத் துணியும் பூமாலையும் கட்டியிருப்பது அவளுக்காக. பயணிகளில் பெரும்பாலோர் அதை அலங்காரம் என்று நினைத்து, அதில் கை வைத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஓட்டுநர் ஒன்றும் சொல்வதில்லை. கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அவர் முகம் என்ன நினைக்கிறது என்று கண்டறிய இவ்வாய்வில் வசதியில்லை.

பறை என்பது பின்புறம் பூட்டிய இரண்டு அல்லது மூன்று எஞ்சின்கள். ஒவ்வொன்றும் 200 குதிரைத்திறன் அளவில் இருக்கும். கைடு தன் பெயரையும் பாதுகாப்பு விதிகளையும் சொல்வதற்கும் ஓட்டுநர் இந்தப் பறையை முழக்குவதற்கும் ஒரே நல்ல நேரம் குறிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே கைடின் பெயர் இறுதிவரை யாருக்கும் தெரியாது.

உணவு பீ பீ டானில். சோறு, பொரித்த கோழி, ஸ்பகெட்டி, வதக்கிய காய்கறி, தர்ப்பூசணி, அன்னாசி. சைவம் உண்டு என்று முன்பதிவில் சொன்னது பொய்யல்ல; தர்ப்பூசணி சைவம்தான். வதக்கிய காய்கறிக்குள் மீன் சாறு விட்டிருக்கிறார்களா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மோந்து பார்த்தவர் உண்டு என்றார், பசித்தவர் இல்லை என்றார். விலங்கு நீள்வால் குரங்கு. குரங்கு குறிஞ்சிக்கு உரியது, கடற்கரையில் எப்படி வந்தது எனின், உரிப்பொருள் தவிர மற்றவை நிலம் மாறி மயங்கலாம் என்று தொல்காப்பியரே இடம் கொடுத்திருக்கிறார். மயங்கிய குரங்கு கைப்பையைத் திறக்கும்போது மயங்குவதில்லை.

இனி உரிப்பொருள். ஆய்வின் உயிர் இங்கே இருக்கிறது. புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்ற ஐந்தில் வேகப்படகுக்கு உரியது எது?

புணர்தல் என்பார் ஒரு சாரார். படகில் தேனிலவுத் தம்பதியர் மிகுதி என்பது அவர்கள் வாதம். அங்கம் முழுவதும் பருத்த உயிர்காப்பு அங்கியை மாட்டிவிட்ட இருவருக்கு நடுவே எந்தத் திணையும் நடைபெற வழியில்லை என்பதால் இதைத் தள்ளுகிறோம்.

பிரிதலுக்குக் கொஞ்சம் வலு உண்டு. படகேறும் இடத்திலேயே செருப்பைக் கழற்றிக் கூடையில் போடச் சொல்கிறார்கள். நாள் முழுக்க வெறுங்கால். பூங்காக் கட்டணம் என்று வெளிநாட்டவர் 400 பாட்டைப் பிரிகிறார். ‘எல்லாம் சேர்த்து’ என்று அச்சிட்ட விளம்பரத்தில் அது சேராத ஒன்றாக இருப்பதுண்டு. ஆனால் செருப்பு மாலையில் திரும்பி வந்துவிடுகிறது. ஒரு ஜோடியாக வருமா என்பது வேறு.

ஊடலுக்குச் சான்று இருக்கை. படகு வேகமெடுத்தால் மூக்குத் தூக்கும்; ஒவ்வோர் அலைக்கும் முன்பகுதி எழும்பி விழும். கருவுற்றவர்களையும் முதுகுவலிக்காரர்களையும் வேகப்படகில் ஏற்றாதது இதனால்தான். பின்பகுதி அசைவு குறைவு, ஆனால் எஞ்சின் இரைச்சலும் உப்புச் சாரலும் அங்கே. அறிந்தவர் பின்னால் போய் உட்கார்ந்துவிடுவார். புதியவர் காட்சிக்கு ஆசைப்பட்டு முன்னால் ஓடுவார். முதல் பத்து நிமிடத்தில் கேட்பது இது:

“ஏங்க, நான் அப்பவே சொன்னேன், பின்னாடி உக்காரலாம்னு.”

“நீதானே போட்டோ நல்லா வரும்னே?”

“போட்டோ எடுக்கத்தான் சொன்னேன். இடுப்பை உடைச்சுக்கவா சொன்னேன்?”

சுவையான சான்றுதான். ஆனால் வாந்தி வந்ததும் ஊடல் தீர்ந்துவிடுகிறது. கணவர் பையைப் பிடிக்கிறார், மனைவி முதுகைத் தடவுகிறார். நிலைக்காத ஒன்று உரிப்பொருள் ஆகாது.

எஞ்சியவை இரங்கலும் இருத்தலும். கடல் சார்ந்த இடத்துக்கு இரங்கலே மரபு. பீ பீ லேயில் உள்ள மாயா குடாவைப் பார்த்தால் மரபு சரி என்றே தோன்றும். டேனி பாய்ல் இயக்கி லியனார்டோ டிகாப்ரியோ நடித்து 2000-இல் வந்த ‘தி பீச்’ படத்தில் யாருக்கும் தெரியாத சொர்க்கமாக வந்த கடற்கரை அது. படம் வெளியானதும் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. நாளொன்றுக்கு 5,000 பேர் வரை வந்து இறங்க, நங்கூரங்களும் கால்களும் பவளத்தைத் தின்றன. 2018 ஜூனில் குடாவை மூடினார்கள். சில மாதத்துக்கு என்று மூடியது 2022 ஜனவரியில்தான் திறந்தது. இடையில் துடுப்பு நுனி கறுத்த சுறாக்கள் திரும்பி வந்துவிட்டன. பவளத்தை ஆட்கள் நட்டார்கள். இப்போது படகுகள் குடாவின் முகப்பில் நுழையக் கூடாது. தீவின் பின்புறம், லோ சாமா என்ற இடத்தில் மிதவைத் துறையில் கட்டி, மரப்பாதையில் நடந்து போக வேண்டும். ஒரே வேளையில் 375 பேர் என்று வரம்பு வைத்தார்கள். நீந்தக் கூடாது, முழங்கால் அளவுக்கு நனையலாம். தாண்டினால் காவலர் ஊதல் ஊதுவார். பவளத்துக்குக் கேடான நான்கு வேதிப்பொருள்கள் கலந்த வெயில்பூச்சுக்கு 2021 முதல் கடற்பூங்காக்களில் தடை; மீறினால் அபராதம் ஒரு லட்சம் பாட் வரை போகலாம். கடலைப் பார்க்கக் கடல் கடந்து வந்து, முழங்காலுக்குமேல் கடல் கிடையாது என்றால் மனிதன் இரங்க மாட்டானா?

இரங்குவதில்லை என்பதே எம் கண்டுபிடிப்பு. அங்கே நின்று பாருங்கள். யாரும் நீரைப் பார்ப்பதில்லை. முன்னால் நிற்கும் குடும்பம் படம் எடுத்து முடித்து நகரட்டும் என்று அடுத்த குடும்பம் நிற்கிறது. அதற்குப் பின்னால் ரஷ்யப் பெண்ணொருத்தி தொப்பியைப் பிடித்தபடி நிற்கிறாள். அதற்கு முன்னால் இதே கூட்டம் லோ சாமாவில், முன்னே வந்த படகு துறையை விடட்டும் என்று எஞ்சினைத் தணித்து மிதந்தது. அதற்கும் முன்னால், காலையில் புக்கெட் துறையில் நிறம்நிறமான ஒட்டுவில்லையைச் சட்டையில் ஒட்டிக்கொண்டு, பச்சைக்காரர்களை எப்போது கூப்பிடுவார்கள் என்று இலவச பிஸ்கட்டைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தது. எனக்கென்னவோ மாயா குடாவின் புது விதிகள் எல்லாம் நல்லவையாகவே தெரிகின்றன. சுறாவுக்கும் கொஞ்சம் இடம் வேண்டாமா? ஆனால் ஆய்வு வேறு, அபிப்பிராயம் வேறு.

பிலே காயலில் நீர் வற்றம் என்றால் ஏற்றத்துக்கு நிற்க வேண்டும். நிற்க நேரமில்லை என்றால் வாயிலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். வைக்கிங் குகையில் இறங்கவே அனுமதியில்லை. படகு ஓரமாக நின்று மூங்கில் சாரங்களைக் காட்டும். உழவாரக் குருவி தன் எச்சிலால் கட்டும் கூட்டை அங்கே சேகரிக்கிறார்கள். ஒரு கூட்டைக் கட்டி முடிக்கக் குருவிக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அந்தப் பறவையை விரைவுபடுத்த இதுவரை எவராலும் முடியவில்லை. அதன் வீட்டு வாசலில் நம் படகு நிற்பதோ மூன்று நிமிடம்.

ஆக, உரிப்பொருள் இருத்தல். தலைவன் வரும்வரை ஆற்றியிருத்தல் போல, முன் படகு நகரும்வரை, குளிக்கப் போனவர் வரும்வரை, சோற்று வரிசையில் கரண்டி கைக்கு வரும்வரை ஆற்றியிருத்தல். எங்கும் ஒருவர் தாமதிப்பார். தலையை எண்ணும் கைடு 38 என்பார், மறுபடி எண்ணி 38 என்பார். 39-ஆவது ஆள் தூரத்தில் இளநீருக்குப் பேரம் பேசிக்கொண்டிருப்பார். 400 குதிரைகள் அவருக்காக நின்ற இடத்தில் கனைத்துக்கொண்டிருக்கும்.

இருத்தல் உரிப்பொருள் என்றால் நிலம் நெய்தல் அல்ல, முல்லை. கடல் நடுவே, ஒரு மரமும் ஒரு மாடும் கண்ணுக்கெட்டாத இடத்தில் முல்லையா எனின், ஆம். மற்றவை எவ்வளவும் மயங்கட்டும், உரிப்பொருள் மயங்காது. அது எங்கே இருக்கிறதோ அதுவே திணை. இன்னொரு சான்றும் உண்டு. ஐந்து திணைகளில் வாகனத்தை விரட்டச் சொல்லிக்கொண்டே இருக்கும் தலைவன் எங்கே வருகிறான்? முல்லையில். வினைமுடித்து மீள்கிறவன் பாகனைப் பார்த்துத் தேரை விரைந்து ஓட்டு என்பான்; வீட்டில் அவள் காத்திருப்பாள். விரைவும் காத்திருப்பும் ஒரே பாட்டில் அடுத்தடுத்து நிற்பது அந்தத் திணைக்கே உரியது. வேகப்படகு அவ்விரண்டையும் ஒரே ஆளுக்குச் சேர்த்து விற்கிறது. தேரில் வருகிறவனும் நாமே, வாசலில் நிற்கிறவளும் நாமே.

எனவே தொலைந்த நேரத்தைக் கண்டுபிடித்தாயிற்று. கடலில் மிச்சம் பிடித்தது முழுவதும் கரையில் இருத்தலாகச் செலவாகிறது. இதில் புதுமை ஏதுமில்லை. மணிக்கிராமத்தார் பருவக்காற்றுக்காக மாதக்கணக்கில் இருந்தார்கள். நாம் முன்படகுக்காக நிமிடக்கணக்கில் இருக்கிறோம். அவர்கள் குளத்தைக் காத்தார்கள். நாம் ரீல்ஸ் போடுகிறோம்.

ஒரு தடை எழலாம். முல்லைக்குப் பெரும்பொழுது கார்காலம் ஆயிற்றே, சுற்றுலாவோ வறண்ட மாதங்களில் அல்லவா நடக்கிறது என்று. கார்காலத்தில் மாயா குடாவை ஆண்டுதோறும் ஆகஸ்ட், செப்டம்பர் இரு மாதமும் மூடிவிடுகிறார்கள். அப்போது சுற்றுலா முகவர்கள் அனைவரும் அலுவலகத்தில் இருந்து, அது திறக்கும் நாளை எண்ணுகிறார்கள். பெரும்பொழுதும் பொருந்திற்று.

சிறுபொழுதான மாலைக்கும் சான்று தருகிறேன். புக்கெட் துறையில் காலையில் நம்மைக் கேட்காமலே படம் எடுத்தவர்கள், அதைத் தட்டில் பதித்து, மாலையில் வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு நமக்காக நிற்பார்கள். காலையில் சீவிய தலையோடு இருந்த நம் முகம் தட்டிலிருந்து, உப்புப் பூத்த நம் முகத்தை வரவேற்கும். வண்டி வராதவரை பேரம் நடக்கும். நேரம் போகப் போக விலை இறங்கும்.

“ஏங்க, பாதி விலைக்குத் தர்றானாம். வாங்கிடலாமா?”

“இரு, இன்னும் இறங்குவான். வேன் எப்ப வருமாம்?”

“இருபது நிமிஷமாம்.”