ஒன்பதேகால் செய்திக்கான பற்றரி

நோர்வேயில் இருக்கும் என் தம்பி வீட்டுக்கு 2024 நவம்பரில் அந்நாட்டு அரசாங்கம் ஒரு சிறு கைநூலை அனுப்பியிருந்தது. அவனுக்கு மட்டுமல்ல, அங்குள்ள எல்லா வீடுகளுக்கும் அது போனது. போரோ புயலோ நீண்ட மின்தடையோ வந்தால் ஒரு கிழமைக்குப் பிறர் கையை எதிர்பாராமல் இருக்க ஆயத்தமாகுங்கள் என்பது அதன் சாரம். வீட்டில் வைத்திருக்க வேண்டியவை என்று ஒரு பட்டியல். தண்ணீர், மருந்து, போர்வை என்று போய், பற்றரியிலோ கையால் சுற்றியோ சூரிய ஒளியிலோ இயங்கும் வானொலி ஒன்றும் அதில் இருந்தது. தம்பி அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பிக் கீழே ஒரு வரி எழுதியிருந்தான்: "அண்ணை, கையால சுத்திற றேடியோ வச்சிருக்கட்டாம்."

அதை வாசித்துவிட்டுக் கனநேரம் போனைக் கையில் வைத்தபடியே இருந்தேன். நானும் அவனும் வளர்ந்த யாழ்ப்பாணத்தில் ரோச் லைட்டுக்குப் போடும் பற்றரி அரசாங்கம் தடைசெய்த பொருள். அதே பற்றரியை ஒவ்வொரு குடும்பமும் வாங்கி வைக்கச் சொல்லி இன்னோர் அரசாங்கம் இன்று கடிதம் போடுகிறது.

1990 ஜூனில் மறுபடி போர் தொடங்கியபோது குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. நாளைக்கு வரும், அடுத்த கிழமை வரும் என்று இருந்து, பிறகு யாரும் அதைப் பற்றிக் கதைப்பதையே விட்டுவிட்டார்கள். கூடவே பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், டீசல், சீமெந்து, உரம் என்று நீண்ட பட்டியலில் பற்றரியும் ஒன்று. கண்ணிவெடிக்குப் பயன்படும் என்பது சொல்லப்பட்ட காரணம். வவுனியா தாண்டி வருகிறவர்களின் பைகளைக் கொட்டி, மடித்த சேலையை உதறிப் பார்ப்பார்கள். கொழும்புக்குப் போய்வந்த மாமா ஒருமுறை இரண்டு பென்ரோச் பற்றரியைப் பாணுக்குள் வைத்துக் கொண்டுவந்தார். கிளாலிக் கடலை இரவில் வள்ளத்தில் கடந்து, உடுப்பெல்லாம் நனைந்து வந்த மனிதர், முதலில் பாணைத்தான் பிய்த்துப் பார்த்தார்.

அவ்வளவு பாடும் செய்தி கேட்கத்தான். கொழும்புப் பத்திரிகை வந்துசேர நாள் ஆகும். தொலைபேசி இல்லை. எந்த ஊரில் குண்டு விழுந்தது, பாதை திறக்கிறார்களா, பேச்சுவார்த்தை நடக்கிறதா என்று அறிய இரவு ஒன்பதேகாலுக்கு வரும் பிபிசி தமிழோசை வேண்டும். வெரித்தாஸ் வானொலியும் வேண்டும். அரை மணி நேர ஒலிபரப்பைக் கேட்க ஒரு சிறு றேடியோவுக்கு 6 வோல்ற் வேண்டும். அந்த 6 வோல்ற்றை எங்கிருந்து எடுப்பது என்பதில் ஊரின் அறிவு முழுவதும் இறங்கியிருந்தது.

முதலில் செத்த பற்றரிகளை உயிர்ப்பித்தோம். எறிந்த பற்றரி என்று ஒன்று ஊரில் கிடையாது. பகல் முழுக்க ஓட்டுக் கூரையில் காயவைத்தால் மாலையில் கொஞ்சம் சத்து திரும்பும். அதுவும் முடிந்தால் அடியில் ஆணியால் துளைபோட்டு உப்புத்தண்ணீர் விடுவோம். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை என்று எங்கள் விஞ்ஞான வாத்தியார் ஒரு பற்றரியை நெடுக்காக வெட்டியே காட்டினார். வெளிக்கூடு நாகம். நடுவில் கரிக்கோல். இரண்டுக்கும் இடையில் மங்கனீசீரொட்சைட்டுக் கரும்பொடியும் நவச்சாரக் கூழும். நாகம் முற்றாகக் கரைவதற்கு முன்னமே கூழ் காய்ந்துபோகிறது. ஈரம் போனால் மின்னோட்டம் தடைப்படுகிறது. உப்புத்தண்ணீர் விட்டால் மிச்சமிருக்கும் நாகம் இன்னும் சில நாள் வேலை செய்யும். அப்படித் தேற்றிய பற்றரி 1.5 வோல்ற் தராது. ஆகவே நாலு போடவேண்டிய இடத்தில் ஏழெட்டை வரிசையாக அடுக்கிப் பழைய கொப்பி மட்டையால் குழாய் சுற்றி, சைக்கிள் ரியூப் வெட்டி இறுக்கி, றேடியோவுக்கு வெளியே வைத்து வயர் இழுத்தோம். கையால் தொட்டால் கறுப்பு நீர் ஒட்டும். அம்மா அதைச் சாமான் அறைப் பக்கமே விடமாட்டா.

அந்தப் பற்றரிகளும் தீர்ந்தபோது டைனமோவுக்கு வந்தோம்.

சைக்கிள் இல்லாத வீடு யாழ்ப்பாணத்தில் அருமை. டைனமோ என்பது பின்சில்லின் ரயரோடு உரசிச் சுழலும் சின்னப் போத்தல் அளவான சாமான். இரவில் ஓடும்போது முன்விளக்கை எரியவைக்க 6 வோல்ற்றில் 3 வாற் தரும். சின்ன றேடியோ ஒன்று மெல்லிய சத்தத்தில் பாடுவதற்கு ஒரு வாற்கூடத் தேவையில்லை. ஆனால் டைனமோ தருவது ஆடலோட்டம். அதை அப்படியே கொடுத்தால் றேடியோ உறுமும். கரண்ட் இல்லாமல் மூலையில் கிடந்த தொலைக்காட்சிப் பெட்டிகளைக் கழற்றி நாலு டயோட் எடுப்பார்கள், கூடவே ஒரு கப்பாசிற்றர். டயோட் நாலையும் சதுரமாகச் சேர்த்தால் நேரோட்டம் வரும். கப்பாசிற்றர் அதன் மேடு பள்ளத்தைத் தட்டையாக்கும். ஈயம் பற்றவைக்கவும் கரண்ட் இல்லை. கம்பியை அடுப்புத் தணலில் சூடாக்கித்தான் ஒட்டினோம்.

ஒன்பது மணிக்கு அப்பா சைக்கிளை முற்றத்தில் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பார். நானும் தம்பியும் முறைவைத்துப் பெடலைக் கையால் சுற்றவேண்டும். சிற்றலை வானொலியில் ஒரு சங்கடம் இருந்தது. கை தளர்ந்தால் சத்தம் குறைவது மட்டுமில்லை. வோல்ற் இறங்கியவுடன் றேடியோவின் உள் அலைவு எண்ணும் நகர்ந்துவிடும். தமிழோசை வழுகிப் போய்ப் பக்கத்தில் இருக்கும் ஏதோ சீனமோ அரபியோ வரும். முள்ளைத் திருப்பிப் பிடிப்பதற்குள் ஒரு செய்தி போய்விடும். கை வேகமாகச் சுற்றினாலும் அதே கதை, மறுபக்கமாக. ஆகவே ஒரே சீராகச் சுற்றவேண்டும். தலைப்புச் செய்தி முடிய ஆனந்தி சூரியப்பிரகாசத்தின் குரலில் ஒரு பேட்டி தொடங்கினால் அப்பா என் தோளில் கை வைத்து, "சீரா... சீரா... இப்ப விட்டிடாதை ராசா" என்பார். பக்கத்து வீட்டுப் பெரியம்மா, அவவின் மருமகன், சந்திக் கடைக்காரர் எல்லோரும் சுற்றி இருப்பார்கள். ரயரில் டைனமோ உரசும் இரைச்சலுக்கு மேலால் கேட்கவேண்டும் என்பதால் ஒருவரும் இருமக்கூட மாட்டார்கள்.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் வெளியேறித் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, நாவற்குழிப் பாலத்தில் நெரிபட்டு, மழையில் நனைந்து, எதை எடுப்பது எதை விடுவது என்று தெரியாமல் போன எங்கள் வீட்டுச் சைக்கிளில் அரிசிச் சாக்கும் றேடியோவும் கட்டியிருந்தன. டைனமோ கழற்றப்படாமல் இருந்தது. சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட மரத்தடியில் சைக்கிளைக் கவிழ்த்து, எங்கள் இடப்பெயர்வைப் பற்றியே இலண்டன் சொல்வதைக் கேட்டோம். நாங்கள் எத்தனை பேர், எந்தப் பக்கம் போகிறோம் என்பதை அங்கிருந்து சொன்னபோதுதான் எங்களுக்கும் அதன் அளவு தெரிந்தது. சனம் அழுதது. அன்று கையைப் பெடலிலிருந்து எடுக்கவே எனக்கு மனமில்லை.

பிறகு கரண்ட் வந்தது. முதலில் ஜெனறேற்றர்களில் மட்டுமட்டாக. போர் முடிந்தபின் தெற்கிலிருந்து உயர் அழுத்தக் கம்பி வந்து சுன்னாகத்தில் சேர்ந்தது. வீடுகளில் தொலைக்காட்சி, பிறகு போன், பிறகு வைஃபை. டைனமோ பூட்டிய சைக்கிள் இப்போது தெருவில் தென்படுவதில்லை. தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 1941இல் தொடங்கியது. 2017 ஏப்ரல் 30ஆம் திகதியோடு அதை நிறுத்திவிட்டார்கள். அதே 2017இல்தான் தம்பி இருக்கும் நோர்வே, உலகில் முதல் நாடாகத் தன் தேசிய எஃப்எம் ஒலிபரப்பை மூடி டிஜிட்டலுக்கு மாறியது. அண்ணன் கேட்ட அலையும் தம்பி கேட்ட அலையும் ஒரே ஆண்டில் போய்விட்டன. எனக்கு அது இன்றும் ஆறாத கவலை. செலவு மிச்சம், கேட்பவர் குறைவு என்று சொல்லப்பட்ட காரணங்கள் சரியாகவே இருக்கலாம். ஆனால் ஒரு சிற்றலை நிலையம் ஆயிரக்கணக்கான மைல் தள்ளியிருந்து பேசுகிறது. இங்கே ஒரு கோபுரமும் தேவையில்லை, இந்த மண்ணில் யார் கரண்டை அறுத்தாலும் அதன் குரலை அறுக்க முடியாது. அந்தப் பலத்தை வேறெதிலும் நான் காணவில்லை.

2022 வந்தது. நீர்த்தேக்கங்கள் வற்றிக்கொண்டிருந்தன, எண்ணெய் வாங்க நாட்டிடம் டொலர் இல்லை. மார்ச் 31ஆம் திகதி 13 மணி நேர மின்வெட்டு. இந்த முறை யாழ்ப்பாணம் மட்டுமில்லை, முழு இலங்கையும் இருட்டில். எங்கள் வீட்டில் கணினிக்கு ஒரு யூபிஎஸ் இருந்தது. உள்ளே 12 வோல்ற், 7 அம்பியர்-மணி ஈயப் பற்றரி. பத்து நிமிடத்துக்குள் கணினியை அணைத்து வைப்பதற்காகச் செய்த சாமான் அது. அதில் ரவுட்டரைப் பூட்டி நாள்தோறும் அடிமட்டம் வரை இறக்கினோம். ஈயப் பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்க இறக்க அதன் தகட்டில் சல்பேற்றுப் படிந்து இறுகும்; சில கிழமையில் அது பெட்டிக்குள் ஒரு பாரம் மட்டும்தான். போனில் சார்ஜ் இருந்த நேரத்திலும் சிக்னல் இல்லாமல் போனது. கைத்தொலைபேசிக் கோபுரங்களின் அடியில் 48 வோல்ற் பற்றரி வரிசை இருக்கும்; அது சில மணி நேரம் தாங்கும், அதற்குப் பிறகு டீசல் ஜெனறேற்றர் ஓடவேண்டும். நாட்டில் டீசலுக்குத்தான் நாள்கணக்கில் வரிசை நின்றது. என் பிள்ளைகள் இருட்டில் போனை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு வளவைச் சுற்றி நடந்தார்கள். எந்த நேரம் கரண்ட் வரும் என்ற ஒரு செய்தி, ஒரே ஒரு வரி, அவர்களுக்குக் கிடைக்கவில்லை. மருந்தும் சாப்பாடும் இல்லாத 90களில் அதைவிடப் பெரிய செய்திகள் ஒன்பதேகாலுக்குத் தவறாமல் எங்கள் முற்றத்துக்கு வந்தன.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை பகல், பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து முழு நாட்டுக்கும் மின்சாரம் போனது. அன்று எனக்கு நெஞ்சை உறுத்திய விடயம் வேறு. எங்கள் ஒழுங்கையில் மூன்று வீட்டுக் கூரையில் சூரியத் தகடு இருக்கிறது. நட்டநடு வெயில். மூன்று வீட்டிலும் விளக்கு இல்லை. கம்பியில் வேலை செய்பவர்களுக்குக் கரண்ட் அடிக்கக்கூடாது என்பதால், பொதுக் கம்பியோடு இணைத்த இன்வேற்றர் அந்தக் கம்பி செத்தவுடன் தானும் நின்றுவிடும். அது நியாயமான ஏற்பாடு. ஆனால் தனியே ஒரு பற்றரியை வைத்து அதற்கென்று வழி செய்யாதவருக்குக் கூரையில் இருக்கும் கிலோவாற் எதுவும் மின்தடையில் உதவாது. இதை விற்க வருகிறவர்கள் முதலிலேயே விளக்கமாகச் சொல்லவேண்டும். அதே ஆண்டு ஏப்ரல் 28இல் ஸ்பெயினும் போர்த்துக்கலும் இருண்டபோது, அங்கேயும் சனம் கடைகளுக்கு ஓடியது பற்றரி றேடியோ வாங்கத்தான்.

ஆகவே இப்போது என் வீட்டில் ஒரு 12 வோல்ற் லிதியம் இரும்புப் பொஸ்பேற்றுப் பற்றரி வைத்திருக்கிறேன். ஈயத்தின் பாரத்தில் பாதிகூட இல்லை. ஆழமாக இறக்கி ஏற்றினாலும் ஆயிரக்கணக்கான தடவை தாங்கும். ஒரு சின்னச் சூரியத் தகடு, பொதுக் கம்பியோடு இணைக்காமல் பற்றரிக்கென்றே. அதில் ரவுட்டர், ஒரு விளக்கு, ஒரு றேடியோ. றேடியோ எஃப்எம், மத்திய அலை, சிற்றலை மூன்றும் எடுக்கும். தேவைப்பட்டால் நாலு சாதாரணப் பற்றரியிலும் ஓடும். மகள், "இதில என்னப்பா கேக்கப் போறீங்கள்?" என்று கேட்டாள். எஃப்எம் நிலையங்கள் இருக்கின்றன, அவற்றின் அனுப்பிக்குக் கரண்ட் இருக்கும் வரை. புயலோ வெள்ளமோ வந்து ஒரு மாகாணமே இருண்டால், இரண்டு மூன்று நாளைக்குத் தாங்கும் எரிபொருளோடு தமிழில் செய்தி சொல்ல ஒரு நிலையமாவது ஓடியே ஆகவேண்டும் என்று எழுதிவைத்த ஏற்பாடு வேண்டும். இந்தக் கூட்டம் அந்தக் கூட்டம் என்று போகிற இடமெல்லாம் இதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், இனியும் கேட்பேன்.

தம்பிக்கு நீளமாகப் பதில் எழுதினேன். கைபிடி சுற்றும் றேடியோ வாங்கு, ஆனால் அதை மட்டும் நம்பாதே. அதன் உள்ளே இருக்கும் சின்னப் பற்றரி பெட்டியில் சும்மா கிடந்தால் செத்துப்போகும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து ஏற்று. டிஜிட்டல் றேடியோ எங்கள் பழைய றேடியோவைவிடக் கூடக் கரண்ட் குடிக்கும். கையால் சுற்றுகிறவனுக்குத்தான் அந்த வித்தியாசம் தெரியும். ஆகவே சாதாரணப் பற்றரி போடும் இடமும் உள்ளதாகப் பார்த்து எடு. பற்றரியைத் தனியே, உறை பிரிக்காமல் வை.

மறுநாள் அவனிடமிருந்து பதில். கடையில் பற்றரி பெட்டி பெட்டியாகக் கிடக்கிறதாம். எத்தனை வாங்கலாம் என்று கேட்டிருந்தான்.

"எட்டு வாங்கு," என்று எழுதினேன். "நாலு றேடியோவுக்கு, நாலு பக்கத்து வீட்டுக்கு."