பனிக்கரடி வழியாக சான்பிரான்சிஸ்கோ

மகளைப் பார்க்க அமெரிக்கா போகிறோம் என்றதும் சொந்தக்காரர்கள் "டிக்கெட் எவ்வளவு?" என்றார்கள். பெரியப்பா மட்டும், "எத்தனை கிலோமீட்டர்?" என்றார். ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். தூரம் தெரியாமல் வண்டி ஏறுகிறவன் அவர் கணக்கில் வித்தவுட்டில் சேர்த்தி.

செல்போனில் தட்டினேன். சென்னையிலிருந்து சான்பிரான்சிஸ்கோ சுமார் 13,900 கிலோமீட்டர். பறக்கும் நேரம் பதினாறரை மணி.

"எந்த வழி?"

சுவரிலிருந்த உலகப்படத்தில் ஜப்பான், பசிபிக் என்று விரலால் இழுத்துக் காட்டினேன். அவர் பதில் பேசாமல் பேரனின் பூகோள உருண்டையை எடுத்தார். பூக்கட்டும் நூலின் ஒரு முனையைச் சென்னைமேல் கட்டைவிரலால் அழுத்தி, மறுமுனையைக் கலிபோர்னியாவில் வைத்து இறுக்கினார். நூல் ஜப்பான் பக்கமே தலைவைக்கவில்லை. ஒடிசா, நேபாளம், சீனா, சைபீரியா என்று ஏறி, ஆர்க்டிக் வட்டத்தையும் தாண்டி, அலாஸ்காவில் இறங்கிக் கலிபோர்னியா போய்ச் சேர்ந்தது.

"இந்த வெயிலிலேர்ந்து அந்த வெயிலுக்குப் போக பனிக்கரடி வழியா?" என்றாள் என் மனைவி. உருண்டையில் குறுக்குவழி அப்படித்தான். தட்டைப் படம்தான் நம்மை ஏமாற்றுகிறது.

ஆனால் அந்த நூல்மேல் சென்னையிலிருந்து நேர் விமானம் கிடையாது. கிழக்கே இருக்கும் ஊருக்கு மேற்கே துபாய் போய், அங்கே மாறிப் போக வேண்டும். தூரம் 16,000 கிலோமீட்டரைத் தொடும். பெட்டி எடை கூடிப்போய் கவுன்ட்டர் முன்னால் குத்தவைத்து, பருப்புப்பொடிப் பொட்டலங்களை இந்தப் பெட்டியிலிருந்து அந்தப் பெட்டிக்கு மாற்றும் நேரத்தை எந்தச் செல்போனும் கணக்கில் சேர்ப்பதில்லை.

"தூரம் கூடினா நேரமும் கூடுமே" என்றார் பெரியப்பா. தரையில் சரி. 2016 அக்டோபரில் ஏர் இந்தியா தன் டெல்லி–சான்பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக்கை விட்டுவிட்டுப் பசிபிக் வழியாக அனுப்பியது. தூரம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் அதிகம். ஆனாலும் 15,300 கிலோமீட்டரைப் பதினான்கரை மணி நேரத்தில் கடந்து, பழைய வழியைவிடச் சீக்கிரமே போய்ச் சேர்ந்தது. மேற்கிலிருந்து கிழக்கே வீசும் ஜெட் காற்று பின்னாலிருந்து தள்ளியதுதான் காரணம். எதிர்த்திசையில் வந்தால் அதே காற்று முகத்தில் அறையும்.

"லேட்டுக்குக் காத்து காரணம்னு நாங்க எழுதியிருந்தா மெமோ குடுத்திருப்பான்" என்றார் பெரியப்பா.

அவரால் கடைசிவரை ஏற்க முடியாதது தேதிதான். இங்கே அதிகாலை கிளம்பினால், இருபத்திரண்டு மணி நேரம் கழித்து அங்கே இறங்கும்போதும் அதே தேதி, மதியம். கோடையில் அவர்கள் கடிகாரம் நமக்குப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. "ஐந்நூறு கிலோமீட்டர் மதுரைக்குப் பாண்டியன் எக்ஸ்பிரஸே மறுநாள்தான் போகுது. நீ அன்னிக்கே அமெரிக்காவா?" திரும்பும்போது அந்த நாளை வட்டியோடு பிடுங்கிக்கொள்கிறார்கள் என்றேன். அதில் அவருக்குக் கொஞ்சம் திருப்தி.

தூரம், காற்று எல்லாம் விமானியின் பாடு; நீங்கள் தேதியை மட்டும் பாருங்கள். டிக்கெட்டில் 15ஆம் தேதி அதிகாலை 3 மணி என்று போட்டிருந்தால், 14ஆம் தேதி ராத்திரிச் சாப்பாட்டை முடித்த கையோடு மீனம்பாக்கத்துக்குக் கிளம்பிவிடுங்கள்.