அருவிக்கடியில அழுதா எவனுக்குத் தெரியும்?

ஏல மருமவனே, ஆல்பம் சாங்கு எடுக்கப் போறியாம்லா, ஒங்க அம்மா சொன்னா. காதலி செத்துப் போறா, நீ குத்தாலத்து ஐந்தருவிக்கடியில சட்டையில்லாம நின்னு கதறுத, மேல ட்ரோன் பறக்கு. நல்லாத்தான் இருக்கு. ஒரே ஒரு சந்தேகம். அருவிக்கடியில நின்னு அழுதா கண்ணீரு எது, தண்ணி எதுன்னு எவன்ல கண்டான்? ஒனக்குக் கிளிசரின் காசு மிச்சம்.

அதுவும் சீசன்லயாம்! சாரல் விழுந்துட்டா அங்க ஒரு பய சோகமா நிக்க முடியுமா? மசாஜ் பண்ணுதவன் இன்னொருத்தன் முதுகுல மத்தளம் வாசிப்பான். ஒருத்தி ரம்புட்டான் கிலோ என்ன வெலன்னு கேப்பா. கொரங்கு வந்து கேமராக்காரன் பொட்டலத்தத் தூக்கிட்டுப் போவும். தண்ணி கூடிட்டா போலீசு விசிலடிச்சு ஒன்னையும் ஒன் சோகத்தையும் வெளிய தள்ளிரும்.

துக்கமே குத்தாலத்துல இல்லன்னு சொல்லல. ஆடி அமாவாசைக்கு வெள்ளன எந்திரிச்சு மெயினருவிக்குப் போ. செத்த அப்பன் ஆத்தாளுக்கு எள்ளும் தண்ணியும் விட சனம் கரையெல்லாம் உக்காந்திருக்கும். பாட்டன் பேரு சொல்லுன்னா, தெரியாம முழிச்சுட்டு, செல்லுல அக்காவக் கூப்பிட்டுக் கேப்பான் ஒருத்தன். கண்ணு கலங்கித்தான் இருக்கும். பொறவு அருவிக்குத் தலையக் குடுத்துட்டு வந்து ஆறு இட்லி தின்பான். ஒம் பாட்டுல ஒருத்தனுக்காவது பசிக்கால?

பாட்டுல கத சொல்லுத சோலிய என்னமோ நீங்க கண்டுபிடிச்சாப்ல பேசுதிய. கோயில் கொடைக்குக் கொடை முத்துப்பட்டன் கதய வில்லுப்பாட்டுல கேட்டவன்ல நான். நா. வானமாமலை அத புஸ்தகமாவே போட்டாரு. பிராமணனாப் பொறந்தவன் சாதிய ஒதறிட்டு பொம்மக்கா, திம்மக்கா ரெண்டு பேரையும் கட்டுதான். மாடு களவாங்க வந்தவனுவ கையால சாவுதான். அவளுவ தீப்பாயுதாளுவ. அந்த எடம் வந்தா புலவரு வீசுகோலச் செத்த நிப்பாட்டுவாரு. பின்பாட்டுக்காரன் 'ஆமா'ன்னு சொல்லுத கொரலு எறங்கும். அவிய ரெண்டு பேரும் அழமாட்டாவ. அந்தச் சோலி நமக்கு.

நீயே அன்னைக்கு ஒரு வெள்ளக்காரக் கெழவனக் காட்டுனியே, ஜானி கேஷு, 'ஹர்ட்'டுன்னு. மார்க் ரோமனெக் எடுத்தது. அவன் எங்கயாவது கதறுதானா? விருந்து மேசையில ஒயின ஊத்துதான். பூட்டிக் கெடக்க அவன் மியூசியத்தக் காட்டுதாவ. பொண்டாட்டி ஜூன் படியில நின்னு அவனப் பாக்கா, அம்புட்டுதான். 2003 மே மாசம் அவ போயிட்டா, செப்டம்பர்ல இவனும் போயிட்டான்.

நம்ம ஆளுவ மட்டும் லேசா? 2021-ல தீயும் அறிவும் பாடி, சந்தோஷ் நாராயணன் இசை போட்ட 'எஞ்சாய் எஞ்சாமி'. அதுக்குக் கல்யாண வீட்டுல நீ போட்ட ஆட்டம் எனக்குத் தெரியும்லா. கோட்டிப் பயலே, அதுக்குள்ள ஒப்பாரி கெடக்கு! இலங்கைத் தேயிலைத் தோட்டத்துல முதுகொடிச்ச சனத்துல 5,25,000 பேர இந்தியாவுக்கு அனுப்புததுன்னு 1964-ல சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டாவ. அப்படித் தோட்டத்துல வேல பாத்தவதான் அறிவோட ஆச்சி வள்ளியம்மாள். அவளையே வீடியோவுல உக்கார வச்சுட்டாவ. நீ ஆடுனது தப்பில்ல. பெரிய சாவுல கொட்டுக்கு ஆடாதவன் நம்ம ஊருல யாரு?

ஒங்க ஆச்சி போன அன்னைக்கு ஒங்க அம்மா மாரடிச்சு என்ன சொல்லி அழுதா, ஞாவம் இருக்கா? 'நெஞ்சு வெடிக்கு'ன்னு ஒரு வார்த்த சொல்லல. கோழியடைக்க இனி யாரு வருவான்னு கேட்டா. கடனுக்கு எடுத்த கண்டாங்கிச் சேலை மடிப்புக் கலையாம இருக்குன்னு சொன்னா. சொத்துல பங்கு கேட்டு வந்த சித்தப்பனுக்கும் ராகத்தோடயே ரெண்டு குத்து விட்டா. அவரு துண்ட ஒதறித் தோள்ல போட்டுட்டு வெளித்திண்ணைக்குப் போயிட்டாரு.

ஒனக்கு எந்தக் காதலி செத்தா? இருந்த ஒருத்தியும் கடையநல்லூர்ல ரெண்டு பிள்ளையோட சொகமா இருக்கா. ஆச்சி வெத்தலப்பெட்டி பரணுல கெடக்கு, பாரு. சுண்ணாம்பு டப்பி காஞ்சு மூடி ஒட்டிப் போச்சு. அதத் தெறக்க நீ படுத பாட்ட எடு, பாட்டு அதும்பாட்டுக்கு ஓடட்டும். பாக்குவெட்டிய மட்டும் வச்சுட்டுப் போ, ராத்திரிக்கு எனக்கு வேணும். ட்ரோன் வாடகைக்கு எங்கிட்ட வராத, ஒங்கப்பன்ட்ட கேளு.