போட்டோ எடுத்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டோம், ஐயா

பெறுநர்: கிராமப்புற இளைஞர்களை ஆற்றல்படுத்தும் பொறுப்பை ஏற்றிருக்கும் மாவட்ட அலுவலகம்.

பொருள்: இளைஞர் ஆற்றல்படுத்தும் விழா – ஆற்றல் பெற்றுக்கொண்டமைக்கு நன்றி – நூலகச் சாவி கோருதல் – தொடர்பாக.

பார்வை: எங்கள் இளைஞர் மன்றத்து வாட்ஸ்அப் குழுவுக்குத் தங்கள் அலுவலகத்திலிருந்து வந்த ‘அனைவரும் தவறாமல் வரவும், வெள்ளைச் சட்டை’ என்ற செய்தி.

பேரன்பும் பெருங்கருணையும் மிக்க ஐயா, அம்மா,

சென்ற வாரம் தாங்கள் கல்யாண மண்டபத்தில் நடத்திய விழாவில் எங்கள் ஒன்றியத்து இளைஞர்கள் நூற்றுச் சொச்சம் பேரும் ஆற்றல் பெற்றோம். பெற்ற ஆற்றலைப் போட்டோ எடுத்ததும் இடதுபக்கப் படிக்கட்டில் நின்ற தம்பியிடம் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டோம் என்பதை முதற்கண் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

வலதுபக்கம் ஏறினோம். சிறப்பு விருந்தினர் கையிலிருந்து கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழை வாங்கினோம். “இங்க பாருங்க” என்றார் போட்டோகிராபர், பார்த்தோம். இடதுபக்கம் இறங்கியதும் அந்தத் தம்பி கையை நீட்டினார். “குடுத்துட்டுப் போங்க, அடுத்தவங்களுக்கு வேணும்.” வாங்கிய கையோடு மேடைக்குப் பின்னால் ஓடி, அதையே மறுபடி வலதுபக்கம் சேர்த்தார். நூறு பேருக்கும் ஒரே சான்றிதழ். அன்றைக்கு அந்த மண்டபத்தில் மெய்யாக உழைத்தவர் அவர் ஒருவர்தான். அவருக்கு யாரும் சான்றிதழ் கொடுக்கவில்லை, நாள் முழுக்க அது அவர் கையிலேயே இருந்தும்.

எனக்குக் கிடைத்த அரை நிமிடத்தில் அதைப் படித்துவிட்டேன். ‘செல்வன்/செல்வி’ என்பதற்குப் பிறகு புள்ளிக்கோடு. பயிற்சியின் பெயர் வர வேண்டிய இடத்திலும் புள்ளிக்கோடு. கீழே பச்சை மையில் கையெழுத்து மட்டும் இரண்டு. யாருக்கு, எதற்கு என்பதெல்லாம் சில்லறைச் சங்கதி. கொடுப்பவர் யார் என்பதில் குழப்பம் வந்துவிடக் கூடாதே! பெயர் போட்ட அசல் பிடிஎஃப்-ஆக வாட்ஸ்அப்பில் வரும் என்று அறிவித்தார்கள். எங்களுக்கு முன்னால் மேடையேறிய மடிக்கணினிப் பையும் இதே வழியில்தான் சுற்றிக்கொண்டிருந்தது. வாங்கிய பையன் ஒருவன், கனமே இல்லை, உள்ளே தெர்மாகோல்தான் இருக்கும் என்கிறான். நான் நம்பவில்லை. தெர்மாகோலுக்கும் செலவுக் கணக்கு எழுத வேண்டியிருக்குமே.

போட்டோ எங்களுக்குப் புதிதல்ல. நூறு நாள் வேலைக்குப் போன எங்கள் அம்மாக்களை 2023 ஜனவரியிலிருந்து காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று எனப் பணித்தளத்தில் நிறுத்திப் படம் பிடித்தார்கள். சிக்னல் இல்லாத கண்மாய்க் கரையில் படம் ஏறாவிட்டால் செய்த வேலையும் ஏறாது. அந்த வளர்ப்பில் வந்தவர்கள் நாங்கள். காமிராவைப் பார்த்ததும் ஆற்றல் தானாகவே முகத்தில் தெரியும்படி நிற்கத் தெரியும்.

இந்த இடத்தில் ஒன்றை மட்டும் நேராகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தியின் அப்பா கரிமூட்டம் போடுகிறவர். அன்றைய கூலியை விட்டுவிட்டு, சலவை வேட்டி கட்டிக்கொண்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். விருந்தினர் மூன்று மணி நேரம் தாமதம், அதுவரையிலும் எழுந்திருக்கவில்லை. மகள் மேடையேறியபோது மட்டும் எழுந்து நின்றார். வெளியே வந்ததும் இரண்டு கையையும் வேட்டியில் துடைத்துக்கொண்டு, “எங்க தாயி, காட்டு பாப்போம்” என்று நீட்டினார். அவள் என்ன சொல்வாள்? பேனருக்குப் பணம் இருந்தது. பொன்னாடைக்கு இருந்தது. வாசலில் வெடித்த வெடிக்கு இருந்தது. அந்த மனிதர் கையில் கொடுக்க ஒரு காகிதம் இல்லை. இதற்குப் பெயர் சிக்கனம் அல்ல. எங்களை ஆள் என்று மதித்திருந்தால் இப்படிச் செய்யத் தோன்றியே இருக்காது.

மன்னிக்கவும், வெயில் அதிகம். தங்கள் தொலைநோக்குக்கு வருகிறேன்.

2018-இல் தில்லியில் ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ என்று ஒரு பட்டியல் போட்டார்கள். தமிழ்நாட்டில் இராமநாதபுரமும் விருதுநகரும் அதில் இடம்பிடித்தன. அந்த இரண்டில் ஒன்றில்தான் நாங்கள் அன்றிலிருந்து விழைந்துகொண்டிருக்கிறோம். விழைவுக்குத் தீனியாகத் தாங்கள் நடத்திய பயிற்சிகளில் என் நெஞ்சைவிட்டு அகலாதது காளான் வளர்ப்பு. சிப்பிக் காளானுக்கு முப்பது டிகிரிக்குள் குளிர்ச்சி வேண்டும், கொட்டகையில் எந்நேரமும் ஈரம் சொட்ட வேண்டும். தாங்கள் தேர்ந்தெடுத்தது சித்திரை மாதம். சுற்றிலும் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு மூன்று வேளையும் தண்ணீர் தெளித்தால் போதும் என்றார் பயிற்றுநர். குடிக்கிற தண்ணீரையே குடத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து லாரியில் வாங்குகிற ஊர் இது. எங்கள் அப்பத்தா பின்வரிசையிலிருந்து, “சாக்கு குடிச்சது போக மிச்சம் இருந்தா நமக்குக் குடுப்பாகளா?” என்று கேட்டதைப் பின்னூட்டப் படிவத்தில் எழுத இடமில்லை. ஆனாலும் விதைப்பையைப் பிடித்தபடி எல்லோரும் சிரித்துக்கொண்டு நின்றோம். அந்தப் பை எங்கே என்று தணிக்கையில் கேட்டால் கவலைப்பட வேண்டாம், தம்பியிடம் இருக்கும். மாலைநேரப் பேருந்தும் அப்படித்தான்: வாழை மரம் கட்டி வந்தது, படம் பிடித்தார்கள், இரண்டு வாரத்தில் தம்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

போட்டோவுக்கு நிற்காமலே வந்தவையும் உண்டு. அதையும் சொல்ல வேண்டும். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு 2022 செப்டம்பரிலிருந்து புதுமைப்பெண், பையன்களுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப் புதல்வன்: மாதம் ஆயிரம் ரூபாய் வங்கிக் கணக்குக்கே வருகிறது. எங்கள் தெருவில் இரண்டு பெண்களின் படிப்பு நிற்காமல் போவது அந்தப் பணத்தால்தான். மாதாமாதம் மேடையேறி வாங்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடாததால் அது எங்கள் கையிலேயே தங்கிவிட்டது. தங்கள் கவனத்துக்கு வராமல் போனதே அதன் அதிர்ஷ்டம்.

2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் நானும் ஒரு தன்னார்வலர். மாநிலம் முழுக்கச் சுமார் 2 லட்சம் பேர் இருந்தோம்; ஆளுக்கு இருபது பிள்ளைகள், சாயந்திரம் ஒன்றரை மணி நேரம், மாதம் ஆயிரம் ரூபாய். பிறகு மையங்களைக் குறைத்தார்கள். எங்கள் ஊர் மையம் ஏட்டில் மறைந்துவிட்டது; பிள்ளைகளுக்கு அது தெரியாததால் இன்றும் பையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். இடம்: அம்மன் கோயில் எதிரே நாடக மேடை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் முன்னால். தெருவிளக்கு விழுகிற ஓரத்தில் குரூப் 4 அரசுப் பணித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள். 2024-இல் அந்தத் தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 6,244, விண்ணப்பித்தவர்கள் 20 லட்சம். இந்தக் கணக்கு போடத் தெரியாமல் அவர்கள் அங்கே உட்கார்ந்திருக்கவில்லை. வேறு எந்த வேலைக்கு இந்த ஊரில் விண்ணப்பப் படிவம் உண்டு? “வேலை தேடாதீர்கள், வேலை கொடுப்பவர்களாக மாறுங்கள்” என்று விழாவில் விருந்தினர் முழங்கினார். மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள் இதை எத்தனை உருக்கமாகச் சொல்கிறார்கள்!

பங்குனிப் பொங்கல் வந்தால் நாடக மேடைக்கு வள்ளி திருமணம் வந்துவிடும், படிப்புக்கு விடுமுறை. மழை வந்தாலும் விடுமுறை. மேடையிலிருந்து கல்லெறி தூரத்தில் நூலகம் இருக்கிறது.

அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில், 2006-க்குப் பிறகு, ஊராட்சிக்கு ஒன்றாகப் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் கட்டினார்களே, அதில் ஒன்று. கட்டடம் இன்றும் கல் மாதிரி நிற்கிறது. அலமாரி இருக்கிறது, சன்னல் வழியே பார்த்தால் கலைக்களஞ்சியத்தின் முதுகு தெரிகிறது, கரையான் எந்தத் தொகுதிவரை வந்திருக்கிறது என்பதும் தெரிகிறது. பூட்டும் இருக்கிறது. சாவி ஊராட்சித் தலைவரிடம் இருந்தது. 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்ததால் தனி அலுவலர் பொறுப்புக்குப் போயிற்று. ஊராட்சிச் செயலரைக் கேட்டால் ஒன்றிய அலுவலகம் என்கிறார். ஒன்றியத்தில், நூலகம் என்றால் நூலகத் துறையைக் கேளுங்கள் என்கிறார்கள். நூலகத் துறை, இது எங்கள் கட்டடமே இல்லை, ஊரக வளர்ச்சி கட்டியது என்கிறது. இதில் பொய் சொன்னவர் யாருமில்லை. வீட்டு வரி ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரி என்று வசூலிக்கும்போது மட்டும் எந்தத் துறை என்ற சந்தேகம் யாருக்கும் வருவதில்லை. நூலகத்துக்கென்று 1948-இலேயே சட்டம் போட்ட மாநிலம். புத்தகம் பூட்டி வைக்க அல்ல என்பதையே 1931-இல் நூலக அறிவியலின் முதல் விதியாக வகுத்த ரங்கநாதன் நமது சீர்காழிக்காரர். அவர் எங்கள் ஊராட்சிச் செயலரைச் சந்தித்ததில்லை.

கிராம சபையில் தீர்மானம் போட்டோம். தங்கள் அலுவலகத்துக்கும் மனுக் கொடுத்தோம். ‘சமுதாயத் திட்டமாக’ இருந்தால் பரிசீலிக்கலாம், திட்ட அறிக்கை மூன்று பிரதிகள் வேண்டும் என்று பதில் வந்தது. கதவைத் திறப்பதற்கு நோக்கம், பயனாளிகள், எதிர்பார்க்கும் விளைவுகள், இடர் மதிப்பீடு எல்லாம் எழுதினோம். இடர் என்ற இடத்தில் ‘பாம்பு இருக்கலாம்’ என்று உண்மையை எழுதிவிட்டோம். அடுத்து வந்ததுதான் வெள்ளைச் சட்டை அழைப்பு.

ஆகவே எங்கள் கோரிக்கையைச் சுருக்கமாக வைக்கிறேன். எங்களை ஆற்றல்படுத்த வேண்டாம், ஐயா. தலைமைப் பண்பு, ஆளுமை வளர்ச்சி, காளான் எதுவும் வேண்டாம். அந்தச் சாவி வேண்டும். வெள்ளையடிப்பது, கரையான் மருந்து, மின்கட்டணம் எங்கள் பாடு. மன்றத்தில் பேசி வைத்திருக்கிறோம். புத்தகம் தர ஊரிலிருந்து திருப்பூர் போனவர்களும் துபாய் போனவர்களும் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். திறப்பு விழா நடத்தத் தாங்கள் விரும்பினால் தடையில்லை. ரிப்பனும் நாங்களே வாங்கிவிடுகிறோம். சாவியை விருந்தினர் கையால் வழங்கலாம், எத்தனை படம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஒரே நிபந்தனை: அன்றைக்கு அந்தத் தம்பிக்கு விடுப்புக் கொடுத்துவிடுங்கள்.

வருகிற திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துக்கு எங்களில் சிலர் வருகிறோம். அவரவர் வசதிப்படி கலர்ச் சட்டைதான் போட்டிருப்போம். சாவியைப் பெற்றுக்கொண்டதற்கு எந்தப் பதிவேட்டில், எந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட்டால் பஸ் பிடிக்க வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
நாடக மேடை இளைஞர்கள் சார்பில் ஒருத்தி